கொம்புத் திருக்கையும் நான் பிடித்த மூச்சும்

எனக்கு முன்கோபம் உண்டு. வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. அந்தக் கோபத்தால் எனக்கு நல்லது நடந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் கடலுக்கு அடியில், ஆறு பாகம் ஆழத்தில். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில், மீன்களைப் பற்றி ஆராயும் ஒரு நிலையத்தில் படம் வரைபவனாக இருந்தேன். இருபத்தாறு வயது. சொந்த ஊர் நாசரேத். அப்பா, அம்மா இருவருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். மகன் மீனுக்குச் செதில் எண்ணி வரைந்து சம்பளம் வாங்குகிறான் என்பதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வதென்று கடைசிவரை அவர்களுக்குப் பிடிபடவில்லை. "ஆபீஸ்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டு உடனே காப்பி கொண்டுவரப் போய்விடுவாள் அம்மா.

கரைக்கு வருகிற மீனை வெள்ளைத் தட்டில் கிடத்தி, அளந்து, வரைய வேண்டும். செத்த மீன் அசையாது, எதிர்த்துப் பேசாது. எனக்கு ஏற்ற வேலை. நானும் கெட்டிக்காரன் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன், கொம்புத் திருக்கையை வரைகிற வரைக்கும்.

ஒரு நாள் வலையில் சிக்கிய பெரிய கொம்புத் திருக்கை ஒன்றைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். பாய் விரித்தது போலத் தட்டையான உடம்பு, இரண்டு பக்கமும் சிறகு, வாய்க்கு இரு புறமும் கொம்பு போல இரண்டு. மணலில் முட்டி போட்டு ஒரு மத்தியானம் முழுக்க வரைந்தேன். நிலையத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் மட்டும் என் மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்து, வாய் விட்டுச் சிரித்தார்.

"என்ன சார், ஆட்டுக்கெடாவயா வரைஞ்சிருக்கீக?"

அவர் எங்கள் நிலையத்துப் படகில் கயிறு பிடிப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். சங்கு குளிக்கிறவராக இருந்து, ஒரு காது ஓட்டையாகிப் போனதால் இனி முங்கக்கூடாது என்று ஆன பிறகு, முங்குகிறவர்களின் கயிற்றைப் பிடிக்க வந்தவர். கீழே இருப்பவனின் உயிர் கயிறு பிடிப்பவன் கையில். சங்கு குளிக்கிறவர்கள் நடுவில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஒருவன் பேச்சை நம்புவதற்கு முன்னால் அவன் கயிறு பிடிக்கிற விதத்தைத்தான் கேட்பார்கள்.

"அது கொம்பே இல்ல சார். தோலு. உயிரோட இருக்கையில சுருட்டும், விரிக்கும். நீங்க என்னன்னா முட்டுறதுக்கு வார மாதிரி நீட்டி வச்சிருக்கீக."

எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் படத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஆட்டுக்கடாதான் தெரிந்தது. கடைசியில், நிலையத்தில் சிலிண்டர் கட்டி முங்கத் தெரிந்த ஒரே ஆளான எங்கள் விஞ்ஞானியிடம் போய், உயிரோடு பார்க்காமல் இதை முடிக்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் சென்னைக்காரர், நறுக்கென்று பேசுவார். மேலும் கீழும் என்னைப் பார்த்துவிட்டு, "நீச்சல் தெரியுமா?" என்றார்.

தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் கற்றது. கிணற்றில் எங்களுக்கு ஒரே விளையாட்டுதான்: யார் அதிக நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருப்பது. படிக்கட்டில் நிற்பவன் சத்தமாக எண்ணுவான். நூற்றுப் பத்து வரை நான் இருந்திருக்கிறேன். இதை விஞ்ஞானியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"அதை மறந்துடு. சிலிண்டர் கட்டிட்டா ஒரு நொடிகூட மூச்சைப் பிடிக்கக் கூடாது. இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும். அடியில நீ இழுக்கிறது அழுத்தமான காற்று. அதை நெஞ்சில அடைச்சு வச்சுக்கிட்டு மேல வந்தா, வர வர விரியும். நுரையீரல் கிழிஞ்சு போகும்."

இரண்டு வாரம் நிலையத்துத் தொட்டியில் பழக்கினார். ஒவ்வொரு நாளும் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் அதுதான்: மூச்சைப் பிடிக்காதே. பிடித்தால் முங்குவது அன்றோடு சரி, மறுபடி சிலிண்டர் கொடுக்க மாட்டேன். நான் தலையை ஆட்டினேன்.

மாசிக் கடைசியில் காற்று அடங்கியது. தீவுகளுக்கு அப்பால் ஒரு பாரில் இரண்டு நாளாகக் கொம்புத் திருக்கை சுற்றுகிறது என்று சங்கு குளிக்கிறவர்கள் சொன்னார்கள். பார் என்றால் கடலடியில் திட்டாக இருக்கும் பாறை. முத்துச் சிப்பி விளைவதும் அங்கேதான். சனிக்கிழமை விடியலில் கிளம்பினோம். விஞ்ஞானி, நான், கயிற்று அண்ணாச்சி, படகோட்டி, நாலே பேர். இரண்டு சிலிண்டர். வாயில் வைத்து மூச்சு வாங்கும் கருவியில் ஒன்று பழுதாகிக் கிடந்தது, அதனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் முங்க முடியும். காலையில் நான், மத்தியானம் விஞ்ஞானி என்று ஏற்பாடு.

அம்மா கொடுத்தனுப்பிய இட்லிப் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை. புதுத் துறைமுகத்தின் அலைதடுப்புக் கல்சுவரைத் தாண்டியதுமே வயிற்றைப் பிரட்ட ஆரம்பித்தது. அண்ணாச்சி அந்தப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, மிளகாய்ப்பொடியை விரலால் வழித்துச் சாப்பிட்டார். "கடலு உங்களுக்குப் பிடிக்கல, உங்க வீட்டு இட்லி எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். வாந்தி எடுக்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது என்று திட்டினேன். எடுத்த பிறகு தலை தெளிந்தது.

பாருக்கு மேல் நங்கூரம் போட்டபோது வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் அன்று தெளிவாக இருந்தது, எட்டிப் பார்த்தால் அடியில் பாறை மங்கலாகத் தெரிந்தது. சிலிண்டரைக் கட்டி, இடுப்பில் கயிற்றை முடிந்தார்கள். முடிச்சை அண்ணாச்சி மூன்று முறை இழுத்துப் பார்த்து, கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தைத் தொட்டுக்கொண்டார். விஞ்ஞானி அவருக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தார்.

"கண்ணு குமிழி மேலதான் இருக்கணும். இவன் விடுற மூச்சு குமிழியா வந்துக்கிட்டே இருக்கும். நின்னா, இருபது எண்ணு. அதுக்குள்ள வரலைன்னா இழு. வேற எதுக்கும் இழுக்காதே."

"சரி சார்" என்றார் அண்ணாச்சி.

முங்கினேன். முதலில் காதுக்குள் குத்தியது. மூக்கைப் பிடித்து ஊதினேன், விலகியது. என் மூச்சின் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, பாறையில் முட்டி போட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினேன். சின்ன மீன்கள் வந்து என் கைவிரல் நகத்தைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. இவற்றில் பாதியை நான் வரைந்திருக்கிறேன், செதில் எண்ணி. ஆனால் இந்த நிறத்தை எதற்கும் நான் பூசியதில்லை. தட்டுக்கு வருவதற்குள் அந்த நிறம் செத்துவிடும் போலிருக்கிறது.

பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. பிறகு பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கறுத்தது. கறுப்பு அசைந்து வந்தது. கொம்புத் திருக்கை.

காயப்போட்ட ஜமுக்காளம் காற்றில் எழும்புமே, அப்படி ஒரு சிறகை உயர்த்தி, தணித்து, அவசரமே இல்லாமல் நேராக என்னை நோக்கி வந்தது. எங்கள் படகின் அகலம் இருக்கும். நான் அசையவில்லை. என் குமிழிச் சத்தம் அதைக் கலைத்துவிடுமோ என்று தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது. கிணற்றடியில் உட்கார்ந்திருக்கும்போது உடம்பு தானாகச் செய்வதை என் உடம்பு செய்தது. நெஞ்சு நிறைய இழுத்து, பிடித்துக்கொண்டேன்.

எல்லாம் அமைதியாகிவிட்டது. திருக்கை இன்னும் நெருங்கி வந்தது. கொம்புகள் தெரிய ஆரம்பித்தன. அவை எப்படி இருக்கின்றன என்று பார்க்கப் போகிறேன், இதோ, இன்னும் ஒரு சிறகடிப்பு. அப்போதுதான் இடுப்பில் கயிறு சுண்டி இழுத்தது.

யாரோ பனங்கிழங்கைப் பிடுங்குவது போல என்னைப் பாறையிலிருந்து பிடுங்கினார்கள். திருக்கை ஒரே திருப்பில் விலகிப் போனது. எனக்கு வந்ததே கோபம்! ஆறு பாகத் தண்ணீருக்கு அடியில், ரப்பரைக் கடித்த வாயோடு, எங்கள் ஊரில் எருமை மேய்க்கிறவர்கள்கூட யோசித்துச் சொல்லும் ஒரு வார்த்தையால் அண்ணாச்சியைத் திட்டினேன். ஒரு தடவை இல்லை. மேலே வரும் வரைக்கும் நிறுத்தாமல் திட்டினேன்.

தலை வெளியே வந்ததும் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, மிச்சத்தையும் திட்டினேன். "நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு! எதுக்குய்யா இழுத்தீரு? கயிறு பிடிக்கத் தெரியலைன்னா கரையில உக்காந்து வலை பின்ன வேண்டியதுதானே!"

அண்ணாச்சி என் முகத்தை, உதட்டை, மூக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் வருகிறதா என்று பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். என்னைத் தூக்கி உள்ளே போட்டார்கள். நங்கூரம் நழுவுகிறது என்று முன்பக்கம் போயிருந்த விஞ்ஞானி ஓடி வந்தார். குமிழியை அவர் பார்க்கவில்லை.

நேராக என்னிடம்தான் கேட்டார். "மூச்சைப் பிடிச்சியா?"

அந்தக் கேள்வி விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிடித்தேன். சந்தேகமே இல்லை, இருபது எண்ணுகிற நேரத்துக்கும் மேலே. ஆமாம் என்றால் இன்றோடு சரி. அந்தக் கொம்பை இனி எப்போதும் பார்க்க முடியாது. என் மேசையில் ஆட்டுக்கடா உட்கார்ந்திருக்கும்.

"இல்லை சார்" என்றேன்.

அவர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு பார்வையைக் கயிற்றுக்குத் தாழ்த்தினார்.

"நாந்தான் சார் பதறிட்டேன். வெயிலு கண்ணைக் கூசுச்சு, குமிழி நின்ன மாதிரி தெரிஞ்சுது. இழுத்துட்டேன்."

விஞ்ஞானி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை நீட்டி, "கயித்தைக் கொடு" என்றார். "மத்தியானமும் இவனே முங்கட்டும், நானே பிடிக்கிறேன். நீ முன்னால போய் உட்காரு. நாளையிலேர்ந்து வேற ஆளைப் பார்த்துக்கலாம்." படகோட்டி தலையைத் திருப்பிக்கொண்டார். கயிறு பிடிப்பவன் கையிலிருந்து, முங்கினவன் எதிரிலேயே கயிற்றை வாங்குவது அங்கே செய்யாத காரியம். அண்ணாச்சி கயிற்றைச் சுருட்டி, ஈரம் உதறி, ஒழுங்காகவே கொடுத்தார். பிறகு முன்பக்கம் போய் உட்கார்ந்தார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை.

பயத்தில் என் சிலிண்டரை நான் பாதிக்கு மேல் காலி செய்திருந்தேன். விஞ்ஞானி தன்னுடையதை என் பக்கம் தள்ளினார். "இதை எடுத்துக்கோ. நான் பிறகு பார்த்துக்கறேன். படம் வரைய வேண்டியவன் நீ." அதற்கும் சரி என்றேன். படகோட்டி சோறு பொங்கி, சாளை மீன் குழம்பு வைத்தார். முன்பக்கத்துக்கு ஒரு தட்டு போனது, பாதிச் சோற்றோடு திரும்பி வந்தது. என் சோறும் உள்ளே இறங்கவில்லை. காரணத்தை வயிற்றின் மேல் போட்டேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது இரண்டாம் முறை முங்கினேன். இந்த முறை பயம் இல்லை. அதன் இடத்தில் வேறொன்று கனத்தது. பாறையில் முட்டி போட்டு, இழு, விடு, இழு, விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு குமிழியும் புறப்பட்டுப் போகும்போது நிமிர்ந்து பார்த்தேன். மேலே படகின் அடி கறுப்பாகத் தெரிந்தது. குமிழிகள் அதன் பக்கமாகப் போய் உடைந்தன.

திருக்கை வந்தது. நான் மூச்சு விட்டேன், அது கலையவில்லை. என் குமிழிச் சத்தத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை போல, பாறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. சின்ன மீன்கள் ஓடிப் போய் அதன் வயிற்றில் ஒட்டியதைக் கொத்தித் தின்றன. வெள்ளை வயிறு, அதில் மை சிந்தியது போல நாலைந்து கறைகள். இரண்டாம் வட்டத்தில் என் தலைக்கு நேர் மேலே வந்தது. கொம்புகள் இறுக்கமாகச் சுருண்டிருந்தன, பீடி சுற்றினது போல. திரும்பி வந்தபோது வாயைத் திறந்தது. சுருள் அவிழ்ந்து இரண்டு அகலத் தோல்களாக விரிந்து, இரண்டு கைகளாலும் தண்ணீரை வாய்க்குள் தள்ளுவது போல வளைந்தது. பிறகு மறுபடி சுருண்டது. அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி.

கையிலிருந்த பலகையில் நாலு கோடு போட்டிருப்பேன். மற்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுவது முட்டாள்தனம், கண்ணாடி பனிக்கும். ஆனாலும் வந்தது. அது அழகாக இருந்ததற்காக மட்டும் இல்லை.

மேலே வந்து ஏறியதும் விஞ்ஞானி என் தோளைத் தட்டினார். "பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

ஈரத்தைத் துடைத்துக்கொண்டே முன்பக்கம் போனேன். அண்ணாச்சி தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இப்ப ஒரு தடவகூட நிக்கல சார். நல்லா விட்டீக."

கயிறு அவர் கையில் இல்லை. ஆனாலும் அவ்வளவு நேரமும் குமிழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, காலையில நின்னுச்சில்லா?"

"நின்னுச்சு. இருபதுக்குப் பதிலா இருபத்தஞ்சு எண்ணினேன், பாவம், பாத்துக்கிட்டு இருப்பாரோன்னு. அதுக்கு மேல எனக்குத் தாங்கல."

"பின்ன ஏன் அவருகிட்டச் சொல்லல?"

"சொன்னா ஒங்களத் திருப்பி உள்ள விட்டிருப்பாரா?"

எஞ்சினைப் போட்டார்கள். தீவு கடந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் மூன்று தடவை எழுந்து மூன்று தடவை உட்கார்ந்தேன். நாலாவது தடவை விஞ்ஞானியிடம் போய் நின்று சொன்னேன். "சார், காலையில நான் மூச்சைப் பிடிச்சேன். குமிழி நின்னது நிஜம். அண்ணாச்சி சரியாத்தான் இழுத்தாங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் கையிலிருந்த கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தார். பிறகு, "நெஞ்சு நிறைய அடைச்சுக்கிட்டு அங்கேர்ந்து வந்தியா? அப்போ நீ எப்படி உயிரோட இருக்கே?" என்றார்.

"வர்ற வழி முழுக்க அண்ணாச்சியைத் திட்டிக்கிட்டே வந்தேன் சார். வாய் விட்டு."

விஞ்ஞானியின் உதடு துடித்தது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. முன்பக்கமிருந்து, நல்ல காது இந்தப் பக்கம் இருந்ததோ என்னவோ, அண்ணாச்சியின் குரல் வந்தது.

"என்ன சார் வஞ்சீக?"

சொன்னேன். படகோட்டி எஞ்சின் பிடியை விட்டுவிட்டுச் சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு விஞ்ஞானி எழுந்து, கயிற்றுச் சுருளைத் தானே கொண்டுபோய் அண்ணாச்சியின் மடியில் வைத்தார். "தப்பு என்னுது" என்றார். என்னிடம் வந்து, "நீ இனி முங்க வேண்டாம்" என்றார். அதிலும் கோபம் இல்லை. சரி சார் என்றேன்.

துறையில் இறங்கும்போதுதான் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"எதுக்கு சார் சொன்னீக? எனக்கு இந்தப் படகுக் கயிறு இல்லேன்னா சங்குப் படகுக் கயிறு. ஒங்களுக்கு உள்ள போறதுக்கு வேற வழி இருக்கா?"

அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான், வேறு வழி இருக்கவில்லை. புதுப் படம் வரைந்தேன், கொம்பு சுருண்டது ஒன்று, விரிந்தது ஒன்று. அண்ணாச்சி வந்து பார்த்து, "இப்ப சரி" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமை அந்தப் படகு போனது. நான் துறையில் நின்று சிலிண்டர் ஏற்றிக் கொடுத்தேன், அவர் முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்ப்பதைப் பார்த்தேன். கடலுக்கு அடியில் மறுபடி நான் போகவே இல்லை. அன்று உண்மையைச் சொன்னதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் போகாததில் வருத்தமே இல்லை என்று சொன்னால், அதுவும் விஞ்ஞானியிடம் நான் சொன்ன "இல்லை சார்" மாதிரிதான்.